தொப்பூர் மலையில் ஏறி இறங்குமா தாத்தாவின் அம்பாசிடர்? கழுவ வேண்டியது எது, மாற்றியே ஆக வேண்டியது எது?

பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை. சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று சொந்த ஊருக்கு வந்து இறங்குகிறீர்கள். வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, தார்ப்பாய்க்கு அடியில் தாத்தா ஓட்டிய அம்பாசிடர் பல வருஷமாக நிற்கிறது. "காயலான் கடைக்காரர் எடைக்குக் கேக்கறார், கொடுத்துடலாமா?" என்கிறார் அப்பா. "வேணாம்ப்பா, நான் ரெடி பண்றேன்" என்று வாய் சொல்லிவிடுகிறது.

சரி, சொல்லியாச்சு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

யூடியூப் வீடியோக்களில் துருப்பிடித்த கார் ஒன்று பத்தே நிமிஷத்தில் பளபளவென்று வெளியே வரும். நிஜத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி கழுவுவதும் துடைப்பதும் சுரண்டுவதும்தான். அதைவிடக் கஷ்டம், ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து "இது இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று முடிவெடுப்பது. பெயிண்டில் தவறினால் பணம் போகும். பிரேக்கில் தவறினால் என்ன ஆகும் என்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தொப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது.

தர்மபுரி மேட்டு நிலம், சேலம் பள்ளம். நடுவில் தொப்பூர் கணவாய். சேலத்தில் இருந்து ஏறி வரும்போது இன்ஜின் கொதிக்குமா என்று பார்க்கும் மலை அது. திரும்ப இறங்கும்போது பிரேக் பிடிக்குமா என்று பார்க்கும். அதனால் இந்த மாவட்டத்தில் ஒரு பழைய காருக்கு உயிர் கொடுக்க நினைத்தால் முதல் இரண்டு கவலைகள் தண்ணீரும் பிரேக்கும். பெயிண்ட் கலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த அம்பாசிடர்?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1957-58 வாக்கில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய கார் இது. நீண்ட காலம் 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜினில் ஓடியது. 1990-களில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பழைய 1489 சிசி கார்களை மனதில் வைத்துத்தான். பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சாவியைத் திருப்பாதீர்கள்

புது பேட்டரி வாங்கி மாட்டி, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று செல்ஃப் அடிப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. பல வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் மோட்டார் இழுத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் சந்தோஷம். சுற்றவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஊறட்டும்.

கழற்றுவதற்கு முன் மொபைலில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது, ஒவ்வொரு வாஷரும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எடுத்துத் தள்ளுங்கள். போல்ட், நட்டுகளைத் தனித்தனி கவரில் போட்டு, மேலே மார்க்கரில் எழுதுங்கள். "இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்" என்று நினைப்பீர்கள். வார இறுதியில் மட்டும் வேலை செய்கிறவருக்கு மூன்றாவது வாரம் எதுவும் ஞாபகம் இருக்காது. இன்னொன்று, இந்தக் கார்களில் பல போல்ட்டுகள் இன்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து "ஏறக்குறைய சரியா இருக்கு" என்று திருகினால் தலை மழுங்கிவிடும்.

தர்மபுரி தண்ணீர் காருக்கு என்ன செய்யும்?

தர்மபுரி நிலத்தடி நீர் என்றதும் ஃபுளோரைடும் பல்லில் படியும் கறையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் காருக்கு எதிரி ஃபுளோரைடு இல்லை. அதே போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான். வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம். தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த பைகார்பனேட் கரையாத கார்பனேட்டாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கே ஓடாகப் படிகிறது. இன்ஜினில் அது சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதை.

வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இந்த உப்பு ஓடு வெப்பத்தைக் கடத்தும் திறன் மிகமிகக் குறைவு. இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தியதுபோல. உள்ளே சூடு தேங்கும், ஆனால் தண்ணீருக்கு அது முழுசாகப் போய்ச் சேராது. சமதளத்தில் ஓடும்போது தெரியாது. தொப்பூரில் இரண்டாவது கியரில் ஏறும்போது தெரியும். அந்தக் காலத்தில் டாக்சி டிரைவர்கள் டிக்கியில் தண்ணீர்க் கேன் வைத்திருந்ததும், வழியில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தாலும் ஊற்றியதும் நமக்குத் தெரியும். தாத்தாவும் அப்படித்தான் ஊற்றியிருப்பார். அதெல்லாம் இப்போதும் உள்ளேதான் இருக்கிறது.

இதைக் கழுவுவது எப்படி? ரேடியேட்டர், ஹோஸ் பைப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிளாக்கின் பின்பக்கத்தில், தண்ணீர் ஓட்டம் மந்தமான இடத்தில்தான் சேறும் துருத்தூளும் சேர்ந்திருக்கும். அங்குள்ள வடிகுழாயைத் திறந்தால் முதலில் எதுவுமே வராது. கம்பியால் குத்தினால்தான் செம்மண் குழம்பு மாதிரி இறங்கும். பக்கவாட்டில் நாணயம் போல வட்டமாக இருக்கும் கோர் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். அவை மெல்லிய தகடுகள், உள்ளிருந்து அரிபட்டிருக்கும். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் புதுசுதான் போட வேண்டும். விலை ரொம்பக் குறைவு, ஆனால் ஓட்டும்போது ஒன்று பிய்த்துக்கொண்டால் மொத்தத் தண்ணீரும் நிமிஷத்தில் காலி.

சேறு போன பிறகு மிச்சமிருக்கும் உப்பு ஓட்டைக் கரைக்க சிட்ரிக் அமிலத் தூள் போதும். வெந்நீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கும்வரை விட்டு, நல்ல தண்ணீரால் பலமுறை அலச வேண்டும். சில பட்டறைகளில் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றி "ஒரு மணி நேரத்துல கிளீன் சார்" என்பார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்போடு சேர்த்து இரும்பையும், அலுமினியப் பாகங்களையும் தின்னும். வேண்டவே வேண்டாம்.

ரேடியேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ரேடியேட்டர்கள் தாமிரம், பித்தளையில் செய்து ஈயம் வைத்து இணைத்தவை. மேல் டேங்கின் ஈய இணைப்பை உருக்கித் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டு அடைப்பை நீக்கி, மறுபடி ஒட்டலாம். இன்றைய பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரில் இந்த வித்தை நடக்காது. ஒரு எச்சரிக்கை: கார் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றிருந்தால் பித்தளையைக் கூர்ந்து பாருங்கள். மாட்டுச் சிறுநீரில் இருந்து கிளம்பும் அம்மோனியா, பித்தளையில் மயிரிழை விரிசல் விழச் செய்யும்.

கடைசியில் திரும்பவும் போர் தண்ணீரை ஊற்றினால் செய்ததெல்லாம் வீண். கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும்தான் இனிமேல்.

எதை எதால் கழுவுவது?

எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி தரையோடு தரையாகப் பரவி எங்கேயோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போய்ப் பிடிக்கும்.

துருவுக்கு வயர் பிரஷ், எமரி ஷீட் இரண்டும் பழகிய வழி. பிராக்கெட், கீல், ஜாக்கி மாதிரி இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையாக வேலை செய்யும். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், ஒரு உதவாத இரும்புத் தகட்டை பாசிட்டிவ் முனையிலும் மாட்டி, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் மூழ்க வைத்தால், சில மணி நேரத்தில் துரு கறுத்து இளகிவிடும். நல்ல இரும்புக்குச் சேதமில்லை. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் துண்டை மட்டும் போடாதீர்கள், அதிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். அலுமினியப் பாகங்களை இந்த டப்பில் போடக் கூடாது. காஸ்டிக் சோடாவிலும் அப்படித்தான். கார்பரேட்டரை அதில் ஊறப்போட்டால் மறுநாள் பாதி கார்பரேட்டர்தான் இருக்கும்.

பிரேக்: இங்கே சிக்கனம் கூடாது

பழைய அம்பாசிடரில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய மாடல்களில் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் சர்க்யூட். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்குமே பிரேக் இல்லை. மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக்கும் கியரும் மட்டும்தான்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். உடனே கம்ப்ரசர் காற்றை அடித்து ஊதுவது நம் பட்டறைகளின் பழக்கம். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வெளிப்படும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியை கவரில் கட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க நிற்கும் பையனுக்கும் சேர்த்துத்தான் இந்த ஜாக்கிரதை.

வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் எல்லாம் புதுசு. யோசனையே வேண்டாம். உள்சுவரில் லேசான கறை என்றால் ஹோனிங் செய்து காப்பாற்றலாம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் புது சிலிண்டர், அல்லது லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் போட வேண்டும். புது ரப்பர் மாட்டும்போது மண்ணெண்ணெயோ கிரீஸோ பட்ட கையால் தொடாதீர்கள். பிரேக் ரப்பருக்கு பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. ஊதிப் பெருத்து உள்ளே சிக்கிக்கொள்ளும், பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். கழுவவும் தடவவும் பிரேக் ஃபுளூயிட் மட்டும்.

அந்த ஃபுளூயிட்டுக்கும் ஆயுசு உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஃபுளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்த பிறகு அது 140 டிகிரிவரை இறங்கலாம். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் டிரம் சூடாகி ஃபுளூயிட் கொதிக்கும், குழாய்க்குள் நீராவிக் குமிழ் வரும். பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. லாரிக்காரர்கள் கியரில் இறங்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், லைனிங் எல்லாம் புதுசு. டிரம்களை லேத்தில் அளந்து பார்த்து, தேய்மானம் அளவுக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். முன்சக்கரத்துக் கிங்பின், டிரன்னியன் புஷ், ஸ்டியரிங் மூட்டுகளும் இதே கணக்கில்தான் வரும். ஆட்டம் இருந்தால் கிரீஸ் அடித்து மறைக்காமல் மாற்றிவிடுங்கள்.

அந்தக் காலத்துப் பெட்ரோல் இப்போது இல்லை

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அந்த ஈயம், வால்வு வந்து உட்காரும் சீட்டுக்கு ஒரு மெல்லிய கவசம் போல இருந்தது. அது இல்லாமல் தொடர்ந்து வேகமாக, பாரத்தோடு ஓட்டினால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல மெல்லக் குழியும். ஹெட்டை எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், அப்போதே சேலத்திலோ கோவையிலோ நல்ல லேத்தில் கடினமான சீட் வளையம் போட்டுவிடுவது நல்லது. எப்போதாவது ஊருக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் அவசரமில்லை.

எத்தனால் விஷயம் வேறு. 2025-ல் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்பரேட்டரின் கார்க், ரப்பர் வாஷர்கள் எத்தனாலைத் தாங்கும்படி செய்தவை அல்ல. இளகும், வெடிக்கும், பெட்ரோல் சொட்டும். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் சொட்டினால் தீ. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். கார்பரேட்டரின் உடல், பிஸ்டன் எல்லாம் கழுவினால் போதும், தூக்கிப் போட வேண்டாம். டேங்கைக் கழற்றி அடியில் உறைந்திருக்கும் பழைய பெட்ரோல் பிசினை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எத்தனாலே அதைக் கரைத்துக் கொண்டுபோய் ஜெட்டில் அடைக்கும். காலியான டேங்கில் வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு முதலில் நீங்கள் நகருங்கள். மிச்சமிருக்கும் ஆவி வெடிகுண்டுக்குச் சமம்.

பாடி: காந்தம் சொல்லும் உண்மை

அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியேதான் சட்டம். அதனால் தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும், பின் பட்டைச் சுருள் மாட்டும் இடமும் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே இரும்பு இல்லை, பட்டிதான். சென்னைக் கடற்கரையோடு ஒப்பிட்டால் தர்மபுரியின் வறண்ட காற்று தகட்டுக்கு நல்லது. இங்கே எலி கடித்த வயரும், வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பரும்தான் அதிகம் செலவு வைக்கும். வயரிங்கில் ஒட்டுப் போட்டு ஓட்டாமல் மொத்த ஹார்னஸையும் மாற்றிவிடுவது நிம்மதி.

எதை மாற்றாமல் வைக்கணும்?

ஆர்வத்தில் எல்லாவற்றையும் புதுசாக்கிவிடுகிறோம். தாத்தாவின் கை பட்டு வழுவழுப்பான ஸ்டியரிங், மீட்டர் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சீட்டின் அடிச்சட்டம் இவையெல்லாம் ஆபத்தில்லாத பாகங்கள். துடைத்து, மெருகேற்றி, அப்படியே விடலாம். உலகப் பழங்கால வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா வெளியிட்ட டூரின் சாசனமும் இதைத்தான் சொல்கிறது: முடிந்தவரை பழசைக் காப்பாற்று, மாற்றிய பாகத்தில் அடையாளம் வை, செய்ததை எழுதி வை. கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பழைய கார் எப்படி இருந்தால் அழகு என்று கண்ணுக்குப் பிடிபடும்.

இது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டு இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: வி.ஏ. வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. வாரா வாரம் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது மேல்.

பாகம் எங்கே கிடைக்கும்?

தர்மபுரிக்கு ஒரு வசதி, ஒரு பக்கம் பெங்களூர், மறுபக்கம் சேலம். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் புது உதிரிபாகம், சிவாஜிநகர் பழைய சாமான் சந்துகளில் கழற்றிய பாகம். சென்னை என்றால் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரலில் இருந்து ரத்தாகிறது, அதனால் அரசு அலுவலகங்களில் ஓடிய அம்பாசிடர்கள் வரிசையாக உடைப்புக்குப் போகின்றன. கதவு, பானெட், டிரம், கியர் பாக்ஸ் மாதிரி இரும்புச் சாமான்களைப் பழையதாகவே வாங்கலாம். பல நேரம் புது டூப்ளிகேட்டைவிட அதுதான் கனமாகவும் இருக்கும். ரப்பர், பிரேக் கிட், ஹோஸ் எதையும் பழையதாக வாங்காதீர்கள். "பேக் பிரிக்காத பழைய ஸ்டாக்" என்றாலும்கூட. ரப்பருக்கு டப்பாவுக்குள்ளேயும் வயசாகும்.

பாகங்களை வாங்கும்போது பில் கேளுங்கள். வெல்டிங், சாண்ட் பிளாஸ்டிங் ஆரம்பிக்கும் முன் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பொறித்த இடங்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்து, அதன்மேல் தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். டிங்கர் அண்ணனிடமும் பெயிண்டரிடமும் தனித்தனியாகச் சொல்லி வையுங்கள். அந்த எண் தேய்ந்துபோன கார், எவ்வளவு பளபளத்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆய்வாளர் முன் நிற்காது.